சண்டைக்குப் பிறகு முதலில் பேசுவது யார்?

நெடுவழி எழுதியது:

திருமணம் நிலைக்க என்ன வேண்டும் என்று கேட்டால் பொறுமை, புரிதல், விட்டுக்கொடுத்தல் என்று ஒப்பித்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். எதுவும் தவறில்லை. ஆனால் அதைக் கேட்டு ஒரு வீட்டில் ஒரு துரும்பு நகர்ந்து நான் பார்த்ததில்லை. யார் பொறுத்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுப்பது, எத்தனை காலத்துக்கு என்று வரும்போதுதானே வில்லங்கமே தொடங்குகிறது?

இன்னொரு புகழ்ச்சியும் உண்டு. "அவர்கள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை." இதைக் கேட்டால் எனக்கு மரியாதையைவிடச் சந்தேகமே அதிகமாக வருகிறது. இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் பல்லாண்டு வாழ்ந்து ஒன்றிலும் முரண்படவில்லை என்றால், ஒருவர் எப்போதோ வாயை மூடிக்கொண்டுவிட்டார் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

என் கட்சி இதுதான்: எத்தனை முறை சண்டை வந்தது என்பது பெரிய விஷயமில்லை. சண்டை ஓய்ந்தபின் முதலில் பேச வருவது யார் என்று பாருங்கள். இருவரும் மாறி மாறி வந்தால் அந்த மணவாழ்க்கை தாக்குப்பிடிக்கும். எப்போதும் ஒருவரே வந்துகொண்டிருந்தால், அவர் ஒருநாள் வராமல் போவார். அப்போது மற்றவர் "திடீரென்று என்ன ஆயிற்று?" என்று கேட்பார்.

ஒத்துக்கொள்பவர்களும் மறுப்பவர்களும் எழுதுங்கள். தத்துவம் வேண்டாம், நடப்பைச் சொல்லுங்கள்.

---

பழையசெருப்பு எழுதியது:

பேரப்பிள்ளைகள் எடுத்த வயதில் சொல்கிறேன் தம்பி, எங்கள் வீட்டில் யாரும் "முதலில் பேசுவது" இல்லை. காலையில் முறைத்துக்கொண்டிருப்போம். மதியம் வாக்கில் யாராவது ஒருவர் "சாவி எங்கே?" என்பார். மற்றவர் "வழக்கமான இடத்தில்தான்" என்பார். அதோடு முடிந்தது. மன்னிப்பு, விளக்கம், மனம்விட்டுப் பேசுதல் எதுவும் கிடையாது. சில நாள் சாவி கையிலேயே இருக்கும், அது வேறு விஷயம்.

ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவதா, மூடிக்கொண்டு தூங்குவதா என்ற வழக்கு மணமான முதல் வாரம் தொடங்கியது. இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

---

தாழ்வாரம் எழுதியது:

தம்பதியர் ஆலோசனை என் தொழில். பழையசெருப்பு ஐயா எழுதிய நாலு வரியை எங்கள் துறையில் ஒரு பாடமாகவே நடத்தலாம்.

ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1980களிலிருந்து தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, அவர்களுக்குள் ஓயாமல் உரசும் ஒரு விஷயத்தைப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முகபாவம், குரல், இதயத்துடிப்பு, வியர்வை எல்லாம் பதிவாயின. பிறகு அவர்களில் யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பிரிந்தார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். காட்மன் சொல்லும் கணக்கில், தம்பதிகளுக்கு இடையிலான பிரச்சினைகளில் 69 விழுக்காடு தீரவே தீராதவை. சுபாவமும் வளர்ப்பும் தேவைகளும் வேறுபடுவதால் வருகிறவை. ஜன்னல் வழக்கு அந்த வகை. நிலைக்கும் தம்பதிகள் அவற்றைத் தீர்ப்பதில்லை, அவற்றோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்கிறார்கள்.

"சாவி எங்கே?" என்பதற்கு எங்கள் வழக்கில் சீரமைப்பு முயற்சி என்று பெயர். அது நகைச்சுவையாக இருக்கலாம், ஒரு தொடுதலாக இருக்கலாம், சம்பந்தமில்லாத கேள்வியாகவும் இருக்கலாம். முயற்சி எவ்வளவு நேர்த்தியானது என்பது முக்கியமே இல்லை. நாகரிகமாக மன்னிப்புக் கேட்டும் எடுபடாத வீடுகளைப் பார்க்கிறேன். முணுமுணுப்பு ஒன்றிலேயே சமாதானம் ஆகிவிடும் வீடுகளையும் பார்க்கிறேன். எதிரில் இருப்பவர் அதை ஏற்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்பதும் ஏற்காததும் சண்டை அன்று முடிவாவதில்லை, சண்டை இல்லாத நாள்களில் முடிவாகிறது.

ஆகவே நெடுவழியின் கேள்வியைக் கொஞ்சம் நீட்டுகிறேன்: முதலில் பேசுவது யார் என்று கேட்டீர்கள். பேசியவருக்கு என்ன பதில் கிடைத்தது என்றும் கேளுங்கள்.

---

மணல்வீடு எழுதியது:

கடனை மறைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து பிரிந்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் விழுந்தார்கள். மற்ற ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்.

---

தசமபுள்ளி எழுதியது:

தாழ்வாரம் அவர்களுக்கு வணக்கம். காட்மன் பெயர் வந்தால் பின்னாலேயே "சில நிமிடம் பார்த்தே யார் பிரிவார்கள் என்று 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுவார்" என்ற பேச்சும் வரும். வருவதற்கு முன்பே வாசலில் நிறுத்திவைக்கிறேன். புள்ளியியல் என் பிழைப்பு.

யார் பிரிந்தார்கள் என்று தெரிந்தபின், அதற்குப் பொருந்தும் சூத்திரத்தைத் தேடி எடுப்பது ஒன்று. அதே சூத்திரத்தை இதுவரை பார்க்காத தம்பதிகளிடம் கொண்டுபோய் முன்கூட்டிச் சொல்வது முற்றிலும் வேறு. ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். ஒரு குழுவில் பிரமாதமாகத் தெரியும் கணிப்பு, வேறொரு குழுவில் வைத்துப் பார்த்தால் பரிதாபமாகச் சரிகிறது. தவிர, நூறு தம்பதிகளில் பதினாறு பேர் பிரிகிறார்கள் என்று வையுங்கள். "யாருமே பிரியமாட்டார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 84 விழுக்காடு சரியாகிவிடும். இதற்குக் கேமராவும் வேண்டாம், வியர்வையும் வேண்டாம்.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது 2020இல் வந்த ஒரு பெரிய வேலை. சமந்தா ஜோயலும் பால் ஈஸ்ட்விக்கும் பல ஆய்வுக்கூடங்களைச் சேர்த்து, 43 தரவுத் தொகுப்புகள், 11,196 தம்பதிகள் என்று எடுத்துக் கணினியிடம் கொடுத்தார்கள். ஒருவருக்குத் தம் உறவில் எவ்வளவு நிறைவு என்பதை எது அதிகம் சொல்கிறது? துணையின் குணம், வயது, படிப்பு போன்றவை சொற்பமே சொல்கின்றன. "என் துணை இதில் உறுதியாக இருக்கிறார்", "என்னை மதித்துப் பாராட்டுகிறார்" என்று நாம் உணர்கிறோமா என்பது மிக அதிகம் சொல்கிறது. பாலுறவில் கிடைக்கும் நிறைவும் சண்டையின் அளவும் அடுத்தடுத்து வருகின்றன. அதாவது, எப்படிப்பட்டவரைத் தேர்ந்தோம் என்பதைவிட, இருவரும் சேர்ந்து எதைக் கட்டினோம் என்பது முக்கியம். இத்தனை பொருத்தம் பார்த்துச் செய்தோமே என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் நெடுவழி, ஒன்று. அந்தப் பட்டியலில் சண்டையும் இருக்கிறது. "எத்தனை சண்டை என்பது பெரிய விஷயமில்லை" என்பதை நான் முழுசாக ஏற்கமாட்டேன்.

---

தாழ்வாரம் எழுதியது:

> வாசலில் நிறுத்திவைக்கிறேன்

நியாயமான நிறுத்தம். ஜோசியம் சொல்ல நான் அந்த ஆய்வைப் பயன்படுத்துவதில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்குப் பயன்படுத்துகிறேன். குறிப்பாக இளக்காரம். கோபத்தோடு "நீ ஏன் சொல்லவில்லை?" என்று கத்துபவர்களைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. "உனக்கெல்லாம் சொன்னால் புரியவா போகிறது" என்று உதட்டைச் சுழித்து அமைதியாகச் சொல்பவர் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். கத்துபவர் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார். சுழிப்பவர் மேலே ஏறி நின்றுகொண்டு கீழே பார்க்கிறார்.

---

ஈரத்துணி எழுதியது:

முதலில் பேசுவது யார் என்பது நல்ல கேள்வி. முதலில் எழுந்து துணியை உலர்த்துவது யார் என்பது அதைவிட நல்ல கேள்வி.

நான் வேலைக்குப் போகிறேன், அவரும் போகிறார். அவர் "உதவி" செய்கிறார். இதைச் சொன்னால் பாராட்டவேண்டிய விஷயம்தானே என்பார்கள். யாருடைய வேலையில் யார் உதவுகிறார்கள்? குழந்தைக்கு எந்தத் தேதியில் தடுப்பூசி, கட்டணம் கட்டக் கடைசி நாள் எது, மாமியாரின் மாத்திரை எப்போது தீரும் என்பதெல்லாம் ஒருவர் தலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர் "சொன்னால் செய்திருப்பேனே" என்பார். சொல்வதே ஒரு வேலை ஐயா! அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நாங்கள் சண்டை போடுவது ஈரத்துணிக்காக என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். எனக்குக் கோபம் துணியின் மேல் இல்லை. அது ஈரமாகக் கிடப்பது என் கண்ணில் மட்டும் படுகிறதே, அதன் மேல்தான். விட்டுக்கொடுக்கச் சொல்லும் பெரியவர்கள் இதில் எதை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள்? துணியையா, கண்ணையா?

---

தசமபுள்ளி எழுதியது:

ஈரத்துணி அம்மா, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஒரு பழைய ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979இல் கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள்: வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு? பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமைக்கு மேலே போய்விட்டது. பொய் சொன்னார்கள் என்பதில்லை. தான் செய்தது தனக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது, மற்றவர் செய்தது வருவதில்லை, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், "சண்டையைத் தொடங்குவது" போன்ற கெட்ட பெயர் தரும் விஷயங்களிலும் இதே கதைதான்.

---

ஈரத்துணி எழுதியது:

கூட்டுத்தொகை அதிகமாக வருவது சரி. அதற்காக இருவரும் சமமாகச் செய்கிறார்கள் என்று ஆகிவிடாதே? ஒருவர் 80 செய்து 90 என்பார், இன்னொருவர் 20 செய்து 40 என்பார். இரண்டுமே மிகைதான், பளு மட்டும் ஒரே தோளில்.

---

தசமபுள்ளி எழுதியது:

கணக்கு சரி. வாயை மூடிக்கொள்கிறேன்.

---

செம்பருத்தி எழுதியது:

எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் பிரிந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. குடி இல்லை, கடன் இல்லை, இளக்காரம்கூட இல்லை. மிகுந்த மரியாதையோடு ஒருவரை ஒருவர் விட்டு விலகிப்போனோம். உறவினர்கள் காரணம் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. "ஒரு காரணமும் இல்லாமலா?" என்று ஆளாளுக்கு ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டார்கள்.

இப்போது யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. அலுவலகத்தில் நல்ல செய்தி வந்தாலும் கெட்ட செய்தி வந்தாலும் அவரிடம் நான் கடைசியாகத்தான் சொன்னேன். முதலில் தோழிக்கு, பிறகு அக்காவுக்கு, வீட்டுக்கு வந்தபின் நினைவிருந்தால் அவருக்கு. அவரும் அப்படித்தான். அவருக்குப் பதவி உயர்வு வந்ததை வேறொருவர் வாழ்த்தியபோது தெரிந்துகொண்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்படியா, நல்லது" என்று நினைத்தேன். அன்றைக்கே முடிந்திருந்தது, காகிதத்தில் முடியத்தான் நாளாயிற்று.

எனவே நெடுவழி சார், முதலில் பேசுவது யார் என்று சண்டை நடக்கும் வீட்டில் கேட்கலாம். எங்களைப் போன்றவர்களிடம் அந்தக் கேள்விக்கே வேலையில்லை.

---

தாழ்வாரம் எழுதியது:

செம்பருத்தி சொல்வது அரிதான கதை இல்லை. காட்மனும் லெவன்சனும் 2000இல் வெளியிட்ட பதினான்கு ஆண்டுப் பின்தொடர் ஆய்வில் இரண்டு வகைப் பிரிவுகள் தெரிந்தன. மணமான சில ஆண்டுகளிலேயே பிரிந்தவர்களிடம் சண்டையின் கடுமை தெரிந்தது. நெடுங்காலம் கழித்துப் பிரிந்தவர்களிடம் கடுமை இல்லை, களிப்பும் இல்லை. அன்றைய பொழுதைப் பற்றிச் சாதாரணமாகப் பேசும்போதுகூட ஆர்வமோ சிரிப்போ தென்படவில்லை. (தசமபுள்ளி, சிறிய குழுதான், ஒத்துக்கொள்கிறேன்.)

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று. புதிதாக மணமானவர்களை வீடு போல அமைத்த ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துப் பார்த்தார்கள். "அந்தப் பறவையைப் பாரேன்" என்பது போன்ற சின்னச்சின்ன அழைப்புகள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். நிமிர்ந்து பார்க்கலாம், "ம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியில் மூழ்கலாம், "தொந்தரவு செய்யாதே" என்று எரிந்துவிழலாம். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் அப்படிப்பட்ட அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்கு முகம் கொடுத்தவர்கள். பிரிந்தவர்கள் 33 விழுக்காட்டுக்கு. எரிந்துவிழுந்தால் மற்றவர் சண்டைக்காவது வருவார். கண்டுகொள்ளாமல் விட்டால் அழைப்பதையே நிறுத்திக்கொள்வார்.

---

பழையசெருப்பு எழுதியது:

செம்பருத்தி அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று எதுவும் எழுதத் தோன்றவில்லை.

இளையவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தலைமுறையில் நிலைத்த திருமணங்களை எல்லாம் வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். போக இடமில்லை, கையில் காசில்லை, ஊர் என்ன சொல்லும் என்ற பயம். இப்படி நிலைத்தவை ஏராளம். என் அக்கா அப்படித்தான் நிலைத்தாள். கடைசிவரை அவர் உண்டபின் உண்டு, அவர் உறங்கியபின் உறங்கினாள். மணிவிழாவில் எல்லோரும் வாழ்த்தினார்கள். அவள் முகத்தைப் பார்த்தவன் நான்.

எங்களுடையது நிலைத்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. பெரிய நோய் வரவில்லை, வேலை போகவில்லை, பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். வந்திருந்தால் "சாவி எங்கே" போதுமாக இருந்திருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

---

நடுநிலை (மட்டுறுத்துநர்) எழுதியது:

ஐயா எழுதியதை ஒட்டி ஒரு வார்த்தை. அடி, மிரட்டல், பணத்தையும் போக்குவரத்தையும் பூட்டிவைத்தல் நடக்கும் வீட்டுக்கு இந்த இழையில் உள்ள யோசனை எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் போய்ப் பேசவேண்டியவர் என்று யாரும் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், பாதுகாப்பான இடத்தைத் தேடுங்கள். "பொறுத்துப் போ" என்று அவர்களுக்கு யாராவது எழுதினால் நீக்கிவிடுவேன். ஏற்கெனவே ஒன்றை நீக்கியிருக்கிறேன்.

---

புதுவரவு எழுதியது:

மணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. எங்கள் வீட்டுச் சண்டை ஒரே அச்சில் வார்த்ததுபோல் நடக்கும். நான் பேச வேண்டும் என்பேன். அவர் மௌனமாகிவிடுவார். நான் குரலை உயர்த்துவேன். அவர் அறையை விட்டுப் போய்விடுவார். நான் பின்னாலேயே போவேன். அவர் வெளிக்கதவைத் திறப்பார். எனக்கு அவர் போவது கைவிட்டுப் போவதுபோல் இருக்கிறது. அவருக்கு நான் துரத்துவது தாக்குவதுபோல் இருக்கிறதாம். யார் சொல்வது சரி?

---

தாழ்வாரம் எழுதியது:

இருவரும். இதைத் தனியாக ஆராய்ந்தவர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன். ஒருவர் வற்புறுத்த மற்றவர் விலக, விலக விலக வற்புறுத்தல் ஏற, இப்படியே சுற்றும். இருவருமே "அவர் தொடங்கினார், நான் எதிர்வினைதான் ஆற்றினேன்" என்பார்கள். மாற்றத்தை விரும்புபவர் துரத்துவார், இருப்பதே போதும் என்பவர் ஓடுவார். அவர் மாற்றம் கேட்கும் விஷயத்தில் நீங்கள் ஓடுகிறீர்களா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

இதில் உடம்புக்கும் பங்கு உண்டு. சண்டையில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் சரியாக ஏறாது. அப்போது இடைவெளி எடுப்பது தவறில்லை, குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். அந்த நேரத்தில் "அவள் எப்படிச் சொல்லலாம்" என்று மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்தால் பயனில்லை.

---

ஈரத்துணி எழுதியது:

இருபது நிமிடம் என்று போய் இரண்டு நாள் கழித்து வருபவர்களை என்ன செய்வது?

---

தாழ்வாரம் எழுதியது:

அதற்கு என்னிடம் வருபவர்களுக்கு ஒரே விதிதான் சொல்வேன். இடைவெளி கேட்டவர்தான் திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். போகும்போதே எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். "எட்டு மணிக்குப் பேசலாம்" என்றால் எட்டு மணிக்கு. போனவர் வருவார் என்று தெரிந்தால் இருப்பவருக்குத் துரத்தவேண்டிய தேவை இல்லை. துரத்தமாட்டார் என்று தெரிந்தால் போனவருக்கு வெளிக்கதவு வரை போகவேண்டியதில்லை.

---

நெடுவழி எழுதியது:

நான் கேட்டதற்கு இதுவரை வந்ததில் காரியத்துக்கு உதவும் பதில் இதுதான். யார் இறங்கிவருவது என்ற தன்மானப் போட்டியே இல்லை. போனது யாரோ அவர் வரவேண்டும், அவ்வளவுதான்.

தசமபுள்ளிக்குப் பதில் பாக்கி இருக்கிறது. சண்டையின் அளவு முக்கியம் என்கிறீர்கள். ஆனால் சண்டையைக் குறைக்காமலே அதன் காயத்தைக் குறைக்க முடியும் என்று காட்டிய ஆய்வும் இருக்கிறதே? ஈலை ஃபிங்கல் 2013இல் வெளியிட்டது. 120 தம்பதிகள், இரண்டு ஆண்டுகள். இரண்டாம் ஆண்டில் பாதிப்பேரை மட்டும், அண்மையில் வந்த சண்டையை இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாம் மனிதர் பார்த்தால் எப்படித் தெரியும் என்று எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ஏழு நிமிடம், ஆண்டுக்கு மூன்றே முறை. எழுதாதவர்களின் நிறைவு தொடர்ந்து சரிந்தது. எழுதியவர்களின் சரிவு நின்றது. சண்டை குறையவில்லை, அது தந்த மனவேதனைதான் குறைந்தது.

---

தசமபுள்ளி எழுதியது:

நல்ல ஆய்வு, சமவாய்ப்பு முறையில் பிரித்துச் செய்தது. அதனால் மறுக்க வழியில்லை. ஆனால் கவனியுங்கள், சரிவு நின்றது என்றுதான் சொல்கிறது, ஏற்றம் வந்தது என்று இல்லை.

---

பழையசெருப்பு எழுதியது:

எங்கள் வயதில் சரிவு நிற்பதே பெரிய விஷயம் தம்பி.

---

புதுவரவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எட்டு மணி விதி எனக்குப் பிடித்திருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த சண்டையின் நடுவில் சொன்னால் எடுபடுமா?

---

ஈரத்துணி எழுதியது:

நடுவில் சொன்னால் அதற்கென்று தனியாக ஒரு சண்டை வரும். இருவரும் சும்மா இருக்கும் ஒரு மாலையில் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு விதி சேர்க்க இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் சட்டமாகத்தான் இருக்கும். தயவுசெய்து இந்த இழையை மட்டும் காட்டாதீர்கள். "முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் என்னைப் பற்றி எழுதினாயா?" என்று எட்டு மணிக்கு முன்பே தொடங்கிவிடும்.